புரதம் தன் வடிவத்தை எப்படித் தேர்கிறது: கிறிஸ்டியன் ஆன்ஃபின்சனின் ஆய்வு வாழ்க்கை

ஆர்.என்.ஏ.வைக் கையாளும் ஆய்வகங்களில் எல்லோரும் அஞ்சும் பொருள் ஒன்று உண்டு. ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதிதான் அது. ஆர்.என்.ஏ. இழைகளைத் துண்டாடுவது அதன் தொழில். நம் விரல்நுனித் தோலில்கூட இருக்கிறது. கையுறை போடாமல் ஒரு சோதனைக் குழாயைத் தொட்டுவிட்டால், உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. வீணாகிவிடலாம். கொதிக்க வைத்தால் ஒழிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. வெப்பத்தில் உருக்குலையும் இந்த நொதி, ஆறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, விட்ட வேலையைத் தொடரும். முட்டையின் வெள்ளைக்கருவோ ஒருமுறை வெந்துவிட்டால் வெந்ததுதான். எத்தனை நாள் ஆறவைத்தாலும் மறுபடி அது தெளிந்த நீர்மமாக ஆவதில்லை.

இரண்டுமே புரதம். ஒன்று மீள்கிறது, மற்றொன்று மீள்வதில்லை. இந்த மீளும் குணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு புரதத்தின் வடிவம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன். 1972ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. மறுபாதியை ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்ஃபோர்டு மூரும் வில்லியம் ஸ்டைனும் பகிர்ந்துகொண்டார்கள். மூவருக்கும் பரிசு பெற்றுத் தந்தது ரைபோநியூக்ளியேஸ் என்ற இந்த ஒரே நொதிதான்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அந்த அமினோ அமிலங்களின் வரிசையே புரதத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று பாடநூல்கள் அவருடைய கண்டுபிடிப்பை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். வரி சரிதான். ஆனால் அதில் பாதிச் செய்தி விடுபட்டுப் போகிறது என்பது என் கருத்து. வரிசை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கும் ஆன்ஃபின்சன் விடை தந்தார். ஒரு சங்கிலி எடுக்கக்கூடிய கோடானுகோடி வடிவங்களில் மிகவும் நிலையானது எதுவோ, அதில்தான் அது போய் அமர்கிறது என்பது அந்த விடை. அதாவது சங்கிலி மடிந்து வடிவம் பெறுவது பற்றிய கேள்வியை அவர் நிலைப்புத்தன்மை பற்றிய கேள்வியாக மாற்றினார். அவர் வாழ்நாள் ஆய்வின் முழுப் பொருளும், அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளாக நடந்த வாதங்களும் இந்த மாற்றத்திலிருந்தே கிளைக்கின்றன.

1916 மார்ச் 26 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் மொனெசன் என்ற உருக்காலை ஊரில், நார்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார் ஆன்ஃபின்சன். ஸ்வார்த்மோர் கல்லூரியில் பட்டம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியலில் முதுகலை. 1939இல் உதவித்தொகை பெற்று டென்மார்க் தலைநகர் கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துக்குப் போனார். உலகப் போர் மூண்டதால் அடுத்த ஆண்டே நாடு திரும்ப வேண்டியதாயிற்று. 1943இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1950இல் பெதெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களில் சேர்ந்தார். இடையே சிறு காலம் நீங்கலாக அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அதுவே அவர் களம்.

அந்தக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீர் ஆலை ஒன்று தொடங்கி நடத்திய ஆய்வுக்கூடம் அது. அமிலத்தன்மையை அளக்க இன்று உலகமே பயன்படுத்தும் பி.எச். அளவுகோலை 1909இல் சோரன்சன் வகுத்தது அங்கேதான். 1950களில் அதன் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் கை லிண்டர்ஸ்ட்ரோம்-லாங். புரத அமைப்பை முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று இன்று நாம் பிரித்துப் பேசுவது அவர் வகுத்த முறை. 1954இல் ஆன்ஃபின்சன் மீண்டும் அங்கே போய் அவருடன் பணியாற்றினார். அதற்கு முன்பு அவருடைய கவனம் செல்லுக்குள் புரதம் எப்படிக் கோக்கப்படுகிறது என்பதில் இருந்தது. முட்டை வெள்ளைக்கருவின் முதன்மைப் புரதமான ஓவால்புமின் உருவாவதை 1951இல் ஆராய்ந்திருந்தார். கோப்பன்ஹேகனிலிருந்து திரும்பியவரை வேறொரு கேள்வி ஆட்கொண்டது. கோத்து முடிந்த சங்கிலிக்கு வடிவம் எங்கிருந்து வருகிறது?

வடிவம் குலைவதுதான் புரதம் இயல்பிழப்பதற்குக் காரணம், வேதிப்பிணைப்புகள் அறுவதல்ல என்பதைப் பீக்கிங்கில் பணியாற்றிய வூ சியென் 1931லேயே எழுதிவிட்டார். மேற்குலகம் அதைக் கவனிக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது வருத்தத்துக்குரியது. அதே காலத்தில் ஆன்சன், மிர்ஸ்கி என்ற இருவர் ஹீமோகுளோபினைக் குலைத்து ஓரளவு மீட்டும் காட்டியிருந்தார்கள். ஆகவே மீட்சி சாத்தியம் என்பது புதுச் செய்தி இல்லை. மீண்டு வந்தது முற்றிலும் குலைந்த சங்கிலிதானா, பழைய வடிவத்தின் ஏதாவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்து வழிகாட்டியதா என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அதைச் சொல்ல ரைபோநியூக்ளியேஸ் வாகாக வாய்த்தது. முதல் காரணம், அது தாராளமாகக் கிடைத்தது. ஆர்மர் என்ற இறைச்சி நிறுவனம் மாட்டுக் கணையத்திலிருந்து ஒரு கிலோ அளவுக்கு இந்த நொதியைத் தூய்மையாகப் பிரித்து, கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் 10 மில்லிகிராம் வீதம் இலவசமாகக் கொடுத்தது. உயிர்வேதியியல் வரலாற்றில் இவ்வளவு பலன் தந்த இலவசம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இரண்டாவது காரணம், அதன் அமைப்பு. 124 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய சங்கிலி. அதில் எட்டு இடங்களில் சிஸ்டீன் இருக்கிறது. சிஸ்டீனின் முனையில் கந்தக அணு உண்டு. இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் கைகோத்தால் டைசல்பைடு பிணைப்பு. எட்டு சிஸ்டீன்களும் நான்கு இணைகளாகச் சேர்ந்து சங்கிலியை நான்கு இடங்களில் இறுக்கிப் பிடிக்கின்றன. 26ஆம் இடத்தில் உள்ளது 84உடன், 40 என்பது 95உடன், 58 என்பது 110உடன், 65 என்பது 72உடன்.

ஆன்ஃபின்சனும் உடன் உழைத்த மைக்கேல் சேலா, ஃபிரெட் ஒயிட், எட்கர் ஹேபர் போன்றோரும் செய்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம். நொதியை 8 மோலார் யூரியாக் கரைசலில் இட்டார்கள். இந்தச் செறிவில் யூரியா புரதத்தின் மடிப்புகளைத் தளர்த்திவிடும். கூடவே மெர்காப்டோ எத்தனால் என்ற நாற்றம் பிடித்த திரவத்தைச் சேர்த்தார்கள். அது நான்கு டைசல்பைடு பிணைப்புகளையும் அவிழ்த்துவிடும். இப்போது கரைசலில் மிதப்பது வடிவமற்ற நூல். ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தால் வெட்டுவதில்லை. நொதியின் திறன் முற்றிலும் போய்விட்டது. பிறகு யூரியாவையும் மெர்காப்டோ எத்தனாலையும் நீக்கி, நீர்த்த காரக் கரைசலில் காற்றுப் பட விட்டார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் கந்தகங்களை மெல்ல மெல்ல மீண்டும் இணைத்தது. கடைசியில் பார்த்தால், நொதியின் திறன் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பியிருந்தது. எந்த அச்சும் வார்ப்பும் இல்லை, செல்லின் உதவியும் இல்லை.

கரைசல் நீர்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குள்தான் முட்டையின் கதையும் இருக்கிறது. வெள்ளைக்கருவில் புரதம் செறிந்து கிடக்கிறது. குலைந்த சங்கிலிகள் தத்தம் வடிவைத் தேடுவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. அதன் பிறகு தனித்தனியே மடிய வழியில்லை.

எட்டு சிஸ்டீன்கள் எத்தனை விதமாக இணைசேரலாம் என்று கணக்கிட்டால் இந்த மீட்சியின் வியப்பு புரியும். முதலாவதற்கு ஏழு துணைகளில் ஒன்றைத் தேர வாய்ப்பு. மீதியுள்ள ஆறில் ஒன்றை எடுத்தால் அதற்கு ஐந்து வாய்ப்பு, அடுத்ததற்கு மூன்று, கடைசி இணைக்கு ஒன்றே ஒன்று. ஏழையும் ஐந்தையும் மூன்றையும் பெருக்கினால் 105. இந்த நூற்றைந்தில் ஒன்றே ஒன்றுதான் இயற்கையான நொதியின் இணைப்பு. சங்கிலி தற்செயலாகத் தேர்ந்திருந்தால் நூற்றில் ஒரு பங்கு மூலக்கூறுகளே சரியாக அமைந்திருக்கும். ஏறத்தாழ எல்லாமே சரியாக அமைந்தன.

இத்துடன் நிறுத்தியிருந்தாலும் நோபல் கிடைத்திருக்கலாம். ஆனால் என்னை மிகவும் கவர்வது அடுத்து அவர்கள் செய்தது. இம்முறை வரிசையை மாற்றினார்கள். யூரியாவை நீக்காமல், சங்கிலி தளர்ந்த நிலையில் இருக்கும்போதே கந்தகங்களை இணைய விட்டார்கள். பிறகுதான் யூரியாவை எடுத்தார்கள். கிடைத்த பொருளில் டைசல்பைடு பிணைப்புகள் எல்லாம் இருந்தன. நொதியின் திறன் மட்டும் இயல்பில் சுமார் ஒரு சதவீதம்தான். நூற்றைந்தில் ஒன்று என்ற கணக்கு அப்படியே கண்முன் வந்து நின்றது. அவசரத்தில் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையைப் போல, தவறான இணைப்புகளில் பூட்டப்பட்ட சங்கிலிகள் அவை. இப்படி இணைப்பு குழம்பிய ரைபோநியூக்ளியேஸில், யூரியா இல்லாத நிலையில், மிகச் சிறிதளவு மெர்காப்டோ எத்தனாலைச் சேர்த்தார்கள். பிணைப்புகளை ஒரேயடியாக அறுக்கும் அளவு அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாக அவிழ்ந்து மறுபடி சேர வாய்ப்பளிக்கும் அளவு. சுமார் 10 மணி நேரத்தில் தவறான இணைப்புகள் ஒவ்வொன்றாகக் களைந்து, சங்கிலிகள் எல்லாம் சரியான நான்கு இணைகளுக்கு வந்து சேர்ந்தன. திறன் மீண்டது.

முதல் சோதனையில் சங்கிலி குலைந்த நிலையிலிருந்து புறப்பட்டது. இரண்டாவதில் தவறான வடிவங்களிலிருந்து, அதுவும் நூற்றுக்கு மேற்பட்ட வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து புறப்பட்டது. எங்கிருந்து கிளம்பினாலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. பாதை எதுவானாலும் முடிவு மாறவில்லை என்றால், முடிவை நிர்ணயிப்பது பாதை அல்ல. அந்த இறுதி வடிவத்துக்கு இருக்கும் குறைந்த ஆற்றலே எல்லாவற்றையும் தன்பால் இழுக்கிறது. வரிசை வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதை முதல் சோதனை காட்டியது என்றால், நிலைப்புத்தன்மை வாயிலாகத் தீர்மானிக்கிறது என்பதை இந்த இரண்டாவது சோதனையே காட்டியது. பாடநூல்கள் இதற்கு ஒதுக்கும் இடம் போதாது.

ஐயம் எழுப்பியவர்கள் இருந்தார்கள். செல் உருவாக்கிய சங்கிலியில் நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நினைவு ஒட்டியிருக்கலாமே என்று கேட்டார்கள். அதற்கான பதில் 1969இல் வந்தது. ராக்ஃபெல்லரில் ராபர்ட் புரூஸ் மெரிஃபீல்டும் பெர்ண்டு குட்டேயும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து ரைபோநியூக்ளியேஸை வேதிமுறையில் செய்தார்கள். எந்த உயிரின் செல்லையும் பார்த்திராத அந்தச் சங்கிலியும் மடிந்து ஆர்.என்.ஏ.வை வெட்டியது. மூரும் ஸ்டைனும் ஏற்கெனவே 124 அமினோ அமிலங்களின் வரிசையையும் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள். வரிசை முழுவதும் அறியப்பட்ட முதல் நொதி இதுவே. அந்த வரிசை இல்லாவிட்டால் மெரிஃபீல்டு எதைப் பார்த்துக் கோத்திருப்பார்?

மடிந்த வடிவத்தைக் கண்ணால் காட்டியவர்களில் முதன்மையானவர் சென்னையோடு தொடர்புடையவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. கோபிநாத் கர்த்தா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1954, 1955 ஆண்டுகளில், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழைச் சுருளை முன்வைத்தவர். பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் டேவிட் ஹார்க்கரின் குழுவில் சேர்ந்தார். ஹார்க்கர் 1950 முதலே ரைபோநியூக்ளியேஸ் படிகங்களோடு போராடிக்கொண்டிருந்தார். 1967இல் கர்த்தா, பெல்லோ, ஹார்க்கர் மூவரும் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். ராமச்சந்திரனின் பங்கும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. கொலாஜன் மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று எழுந்த விமரிசனத்துக்கு விடை தேடப்போய், சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இடமுண்டு என்பதை ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் கற்பிக்கப்படுவது அதுதான். அணுக்கள் முட்டிக்கொள்ளாத கோணங்கள் மிகச் சில என்று அது காட்டியது. அதாவது சங்கிலி எடுக்கக்கூடிய வடிவங்களில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே கழிந்துவிடுகிறது.

பத்து மணி நேரம் என்ற எண் ஆன்ஃபின்சனை உறுத்தியது. செல்லுக்குள் இந்த அளவுள்ள சங்கிலி சில நிமிடங்களில் கோக்கப்பட்டுவிடும். வடிவம் பெற அரைநாள் பிடித்தால் உயிர் எப்படி நடக்கும்? தன் கொள்கையைக் காப்பாற்றிக்கொள்வதோடு அவர் நிற்கவில்லை. செல்லில் உதவி செய்யும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று தேடினார். 1963இல் எலியின் கல்லீரலிலிருந்து, டைசல்பைடு பிணைப்புகளை மாற்றிமாற்றி இணைத்துச் சரியான இடம் நோக்கி விரைவுபடுத்தும் நொதி ஒன்றை அவருடைய குழுவின் கோல்டுபெர்கரும் எப்ஸ்டைனும் அவரோடு சேர்ந்து கண்டார்கள். அதே சமயத்தில் ஹங்கேரியில் ஸ்ட்ராப் குழுவும் இதைக் கண்டது. இந்த நொதி எந்த வடிவம் வேண்டும் என்று சொல்வதில்லை. போகும் இடத்துக்கு விரைவாகப் போக உதவுகிறது, அவ்வளவே.

வேகத்தைப் பற்றிய இன்னும் கூர்மையான கேள்வியை 1969இல் சைரஸ் லெவின்தால் எழுப்பினார். நூறு அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒவ்வொன்றும் மூன்றே நிலைகள் எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், மொத்த வடிவங்கள் மூன்றை நூறு முறை பெருக்கிய அளவு. நொடிக்குப் பத்து லட்சம் கோடி வடிவங்களைப் பார்த்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒன்றுக்குப் பின் 27 சைபர் போட்ட ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். உண்மையில் பல சிறிய புரதங்கள் ஒரு நொடிக்குள் மடிந்துவிடுகின்றன. எனவே சங்கிலி எல்லா வடிவங்களையும் சோதித்துப் பார்ப்பதில்லை என்பது உறுதி. ஆங்காங்கே சிறு பகுதிகள் ஓரளவு நிலையான அமைப்பைப் பெற, அவை அடுத்த அடியைச் சாய்க்க, ஆற்றல் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது. ஆற்றல் புனல் என்று பின்னாளில் வோலின்ஸ், ஒனுச்சிக், டில் போன்றோர் விவரித்தது இதைத்தான்.

1973இல் ஆன்ஃபின்சன் தன் கொள்கையை முழுமையாக எழுதினார். அதை வெப்ப இயக்கவியல் கருதுகோள் என்று அழைத்தார். இயல்பான உடற்சூழலில், அதாவது உரிய கரைப்பான், உப்பு, அமிலத்தன்மை, வெப்பநிலை எல்லாம் அமைந்திருக்கும்போது, முழு அமைப்பின் கிப்ஸ் ஆற்றல் (நிலைப்பைக் கணிக்க உதவும் ஆற்றல் அளவு) எந்த வடிவத்தில் மிகக் குறைவோ, அதுவே புரதத்தின் இயற்கை வடிவம் என்பது அதன் சாரம். இந்த நிபந்தனைகளைப் பின்னால் வந்தவர்கள் உதறிவிட்டு, ‘ஆன்ஃபின்சனின் மறுக்கமுடியாக் கொள்கை’ என்று ஒரு கல்வெட்டாக அதை நிறுத்தினார்கள். பிறகு அது பிழை என்று நிறுவவும் அவர்களே கிளம்பினார்கள். எழுதியவர் எழுதியதைக் கவனமாகப் படித்தால் இந்தச் சண்டையில் பாதி கரைந்துபோகும்.

எவ்வளவு நிலையானது என்ற அளவைப் பார்ப்போம். இதை அளக்கும் எளிய முறைகளில் ஒன்று, அதே ரைபோநியூக்ளியேஸில் செய்யப்பட்டது. 1974இல் கிரீன், பேஸ் என்ற இருவர் யூரியாவின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் எத்தனை பங்கு மூலக்கூறுகள் குலைந்திருக்கின்றன என்று அளந்தார்கள். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், யூரியாவே இல்லாத தண்ணீரில் புரதத்தின் நிலைப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். டெக்சாஸில் நிக் பேஸ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த அளவீடுகளிலேயே செலவிட்டார். கிடைத்த விடை வியப்பூட்டுவது. பெரும்பாலான சிறு புரதங்களின் நிலைப்பு ஒரு மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரி வரை மட்டுமே. இரண்டு கார்பன் அணுக்களைப் பிணைக்கும் ஒற்றைப் பிணைப்பை அறுக்கவே 80 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். ஆயிரக்கணக்கான அணுக்கள் சேர்ந்து கட்டிய மாளிகை, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் ஒன்றிரண்டு உடைவதற்கு நிகரான ஆற்றலில் நின்றுகொண்டிருக்கிறது.

அமினோ அமிலங்களின் நீரை வெறுக்கும் பக்கக்கிளைகள் உள்ளே ஒடுங்குவதும், ஹைட்ரஜன் பிணைப்புகளும், அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்படுவதும் மடிந்த வடிவத்துக்குச் சாதகம். சங்கிலி தன் சுதந்திரத்தை இழப்பது அதற்குப் பாதகம். இரண்டும் பெரிய தொகைகள். ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுகட்டி, சிறு மிச்சம் மட்டும் நிற்கிறது. அந்த மிச்சம் 5 கிலோகலோரி என்றால், அறை வெப்பநிலையில் எந்த நேரமும் சில ஆயிரம் மூலக்கூறுகளில் ஒன்று குலைந்திருக்கும். 1.4 கிலோகலோரி குறைந்தால் குலைந்தவற்றின் எண்ணிக்கை பத்து மடங்காகும். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவதால் இரண்டு மூன்று கிலோகலோரி போய்விடுவது சர்வ சாதாரணம். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் ஒரு நோய் வருவது எப்படி என்று கேட்பவர்களுக்கு, பல நோய்களில் விடை இந்தக் குறுகிய இடைவெளியில் இருக்கிறது.

கொள்கைக்கு விலக்குகள் உண்டா? உண்டு. இன்சுலினைக் குலைத்து மீட்க முயன்றால் மிகக் குறைந்த பங்கே மீள்கிறது. இது ஆன்ஃபின்சனுக்கு எதிரான சான்றாகத் தோன்றியது. டொனால்டு ஸ்டைனர் 1967இல் விடை தந்தார்: செல் முதலில் புரோஇன்சுலின் என்ற நீண்ட ஒற்றைச் சங்கிலியாகவே அதைச் செய்கிறது. மடிந்த பிறகு நடுப்பகுதி வெட்டி எடுக்கப்படுகிறது. புரோஇன்சுலினைக் குலைத்தால் அது நன்றாகவே மீள்கிறது. ஆக, மடிவதற்கான செய்தி செல் உருவாக்கிய முழுச் சங்கிலியில் இருக்கிறது. வெட்டிய துண்டில் தேடினால் கிடைக்காது.

இன்னும் ஆழமான விலக்கு, ஆல்ஃபா லைடிக் புரோட்டியேஸ் என்ற பாக்டீரிய நொதி. இதன் மடிந்த வடிவம் குலைந்த வடிவத்தைவிட நிலையானது அல்ல. தன்னுடன் பிறந்த இன்னொரு பகுதியின் உதவியால் மடிந்து, அந்தப் பகுதி நீங்கிய பிறகு உயரமான ஆற்றல் சுவர் ஒன்று தடுத்து நிற்பதால் மட்டுமே குலையாமல் இருக்கிறது. இந்தத் தடையை 1992இல் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் டேவிட் பேக்கர். இவர் பெயர் மறுபடியும் வரும். தம் தவறான வடிவத்தைப் பிற சங்கிலிகளுக்கும் பரப்பும் பிரியான் புரதங்களும், அல்சைமர் நோயில் காணப்படும், புரதங்கள் ஒட்டித் திரண்ட அமிலாய்டு இழைகளும் வேறு வகைச் சவால். ஒரே சங்கிலி, பல சங்கிலிகள் கூடும்போது இன்னும் ஆழமான ஆற்றல் பள்ளத்தில் விழுந்துவிடலாம் என்று அவை காட்டுகின்றன. 1989இல் உல்ரிச் ஹார்ட்லும் ஆர்தர் ஹார்விச்சும் விளக்கிய துணைப்புரதங்கள் செல்லுக்குள் இத்தகைய கூட்டத்தைத் தடுத்து, சங்கிலிக்குத் தனியிடம் தருகின்றன. முட்டைக்குள் நடப்பதைச் செல் ஓயாமல் தவிர்த்துக்கொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆன்ஃபின்சன் ஒரே நொதியில் தங்கிவிடவில்லை. டைசல்பைடு பிணைப்பே இல்லாத, 149 அமினோ அமிலங்கள் கொண்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் நியூக்ளியேஸைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1968இல் குவாட்ரகாசஸ், வில்செக் ஆகியோருடன் சேர்ந்து, ஒரு புரதம் விரும்பிப் பற்றும் மூலக்கூறை மணிகள் நிரப்பிய குழாய்த் தூணில் ஒட்டிவைத்து அந்தப் புரதத்தை மட்டும் பிடித்தெடுக்கும் முறையை உருவாக்கினார். இன்று மருந்துப் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலைகள் பலவும் இதன் வாரிசுகளை நம்பியே ஓடுகின்றன. 1970களில், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானைத் தூய்மைப்படுத்தும் பணியில் இறங்கினார். 1982இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1995 மே 14 அன்று இறக்கும் வரை அங்கே பணியாற்றினார்.

ஹாப்கின்ஸில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு வகையில் அவருடைய பழைய கேள்வியின் மறுபக்கம். கடலடி வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் போன்ற நுண்ணுயிர்கள். அது செழித்து வளர்வது 100 டிகிரி செல்சியஸில். நம் புரதங்கள் 60, 70 டிகிரியில் உருக்குலைய, அதே இருபது வகை அமினோ அமிலங்களால் ஆன அதன் புரதங்கள் கொதிநீரில் எப்படி நிற்கின்றன? ஒரு புதுப் பிணைப்போ ஒரு மாயப் பொருளோ கிடைக்கவில்லை. மேற்பரப்பில் கூடுதலான மின்னேற்ற இணைகள், தளர்ந்த வளையங்கள் குறைவு, உள்ளே நெருக்கமான அடுக்கு, சில இடங்களில் துணை அலகுகளின் இறுக்கமான கூட்டணி எனச் சின்னச்சின்னச் சேமிப்புகளே கூடி நிற்கின்றன. சிறு மிச்சத்தில் நிற்பது நிலைப்பு என்றால், அதைக் கூட்டவும் சிறு தொகைகளே போதும்.

2020இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி முறை, வரிசையை மட்டும் கொடுத்தால் பெரும்பாலான புரதங்களின் வடிவத்தைச் சோதனையால் கண்டதற்கு நெருக்கமாகக் கணித்துக் காட்டியது. 2024 வேதியியல் நோபலில் பாதியை டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் அதற்காகப் பெற்றார்கள். மறுபாதி, புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. செய்தி விளக்கங்களில் புரத மடிதல் தீர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். நான் இதை ஏற்கவில்லை. வரிசைக்குள் வடிவம் இருக்கிறது என்ற ஆன்ஃபின்சனின் முதல் பாதிக்கு இதைவிடப் பெரிய உறுதிச்சான்று இருக்க முடியாது. ஆனால் ஆல்ஃபாஃபோல்டு ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகளிலிருந்தும், இனவரலாற்றில் சேர்ந்தே மாறிய அமினோ அமிலங்களிலிருந்தும் கற்றுக்கொண்டு இறுதி வடிவத்தைச் சொல்கிறது. போகும் பாதையையோ, அந்த வடிவம் எத்தனை கிலோகலோரியில் நிற்கிறது என்பதையோ அது சொல்வதில்லை. ஒரு எழுத்து மாறிய, நோய் உண்டாக்கும் புரதத்துக்கும் நல்ல புரதத்துக்கும் பெரும்பாலும் ஒரே படத்தைத் தந்துவிடும். நோயாளிக்கு வேண்டியது அந்த 2 கிலோகலோரி வேறுபாடு.

புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் மையப்பகுதி, உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி மட்டுமே கூடுதலான வெப்பத்தில் உருக்குலைகிறது. புற்றுநோய்க் கட்டிகளில் காணப்படும் மாற்றங்களில் கணிசமானவை அதை மேலும் நிலைகுலையச் செய்பவை. அதைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துக்கான தேடல் இன்னும் முடியவில்லை. வேறொரு புரதத்தில் அது பலித்திருக்கிறது. தைராய்டு சுரப்பையும் வைட்டமின் ஏ.வையும் இரத்தத்தில் சுமந்து செல்லும் டிரான்ஸ்தைரெட்டின், நான்கு அலகுகள் சேர்ந்தது. அவை பிரிந்தால் ஒவ்வொரு அலகும் தவறாக மடிந்து, நரம்பிலும் இதயத்திலும் அமிலாய்டாகப் படிகிறது. போர்ச்சுகல் நாட்டுக் குடும்பங்களில் 30ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் மெத்தியோனினாக மாறியவர்களுக்கு இந்த நோய் வருகிறது. ஆனால் அவர்களிலேயே, மற்றொரு பெற்றோரிடமிருந்து 119ஆம் இடத்தில் இன்னொரு மாற்றத்தையும் பெற்றவர்களுக்கு நோய் வருவதே இல்லை, அல்லது லேசாக வருகிறது. அந்த இரண்டாவது மாற்றம் நான்கு அலகுகளும் பிரியாமல் இறுக்கிப் பிடிக்கிறது. இதைக் கவனித்த ஜெஃப்ரி கெல்லி, அதே வேலையைச் செய்யும் சிறு மூலக்கூறைத் தேடினார். தைராய்டு சுரப்பு அமரும் பள்ளத்தில் போய் அமர்ந்து நான்கு அலகுகளையும் கட்டிப்போடும் டஃபாமிடிஸ் உருவானது. ஐரோப்பாவில் 2011இல் நரம்பு நோய்க்கும், அமெரிக்காவில் 2019இல் இதய நோய்க்கும் ஒப்புதல் பெற்றது. 441 இதய நோயாளிகள் பங்கேற்ற, 2018இல் வெளியான மருத்துவச் சோதனையில், 30 மாதங்களில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 42.9 சதவீதத்தினர் இறந்தார்கள். டஃபாமிடிஸ் பெற்றவர்களில் 29.5 சதவீதத்தினர்.